டிராக்ஸ்லர் எதிர்த்தாக்குதல்: எஃப்7-ஐ பிஷப்பால் வெட்டினால் என்ன செய்வது?

கேள்வி இது: மாவட்ட அளவிலான போட்டியில் கருப்புக் காய்களோடு ஆடினேன். 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5. யூடியூபில் பார்த்த டிராக்ஸ்லர் ஆட்டம் நினைவுக்கு வந்தது, 4...பிஷப் சி5 ஆடினேன். எதிராளி வீடியோவில் வந்த மாதிரி குதிரையால் வெட்டாமல், பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக் வைத்தார். 5...ராஜா இ7, 6.பிஷப் பி3. குதிரையை விரட்ட 6...எச்6 ஆடினேன். 7.குதிரை எஃப்7 வந்தது, யானை போய்விட்டது. இந்த ஓபனிங்கையே விட்டுவிடலாமா?

விட வேண்டாம். நீங்கள் தோற்றது டிராக்ஸ்லரால் அல்ல, ஆறாவது நகர்த்தலில் எச்6 ஆடியதால். அதே இடத்தில் யானையை எஃப்8-க்கு நகர்த்தியிருந்தால் ஒரு சிப்பாய் குறைவோடு ஆட்டம் நன்றாகவே தொடர்ந்திருக்கும். ஆனால் அந்த எச்6 ஏன் உங்கள் கைக்கு வந்தது என்று பார்த்தால், இந்த ஓபனிங்கை எல்லோரும் எந்த முனையிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வந்து சேருவோம். அதனால் அந்தப் பழைய ஆட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்த்தல்.

1890-இல் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் குடியரசில், ஹோஸ்டோன் என்ற ஊரில் ஆடப்பட்ட ஆட்டம் அது. வெள்ளை ரெய்னிஷ், கருப்பு கரேல் டிராக்ஸ்லர். டிராக்ஸ்லர் (1866–1936) ஒரு பாதிரியார். செஸ் அவருக்குத் தொழில் அல்ல. ஆட்டத்தைவிடப் புதிர்கள் அமைப்பதில்தான் அவருக்குப் பெயர் அதிகம். இந்த ஆட்டத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

4.குதிரை ஜி5 வந்ததும் எஃப்7 சிப்பாய்க்கு இரண்டு பக்கமிருந்து ஆபத்து. சி4 பிஷப்பும் ஜி5 குதிரையும் அதைக் குறிவைக்கின்றன, காவலுக்கு இருப்பது ராஜா மட்டுமே. சாதாரணமாக எல்லோரும் 4...டி5 ஆடி பிஷப்பின் கோட்டை அடைப்பார்கள். டிராக்ஸ்லர் அந்த மிரட்டலைக் கண்டுகொள்ளவே இல்லை. 4...பிஷப் சி5 என்று தன் பிஷப்பை வெளியே எடுத்து வெள்ளையின் எஃப்2-ஐக் குறிவைத்தார்.

5.குதிரை எஃப்7. கருப்பு ராணியும் எச்8 யானையும் ஒரே நேரத்தில் தாக்குதலில். டிராக்ஸ்லர் இரண்டையும் காப்பாற்றவில்லை. 5...பிஷப் எஃப்2-ஐ வெட்டி செக். இங்கேதான் ரெய்னிஷ் தவறினார். ராஜாவை எஃப்1-க்கு நகர்த்தலாம், இல்லை பிஷப்பையே வெட்டலாம். அவர் 6.ராஜா இ2 போனார். உடனே 6...குதிரை டி4 செக், 7.ராஜா டி3. ராஜா பலகையின் நடுவுக்கு வந்துவிட்டது. 7...பி5 8.பிஷப் பி3 குதிரை இ4-ஐ வெட்ட, இப்போதாவது ராணியை எடுத்துவிடலாம் என்று 9.குதிரை டி8-ஐ வெட்டினார் ரெய்னிஷ்.

அதன் பிறகு கருப்பு ஆடிய ஒவ்வொரு நகர்த்தலும் செக், கடைசி ஒன்று மேட். 9...குதிரை சி5, 10.ராஜா சி3 (வேறு இடமே இல்லை). 10...குதிரை இ2 செக், 11.ராணி அதை வெட்டியது. 11...பிஷப் டி4, 12.ராஜா பி4. 12...ஏ5. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ராஜா ஏ3-க்கு ஒதுங்கினால் பி5 சிப்பாய் பி4-க்கு வந்து அங்கேயே மேட். ஏ2-விலும் பி2-விலும் தன் சிப்பாய்கள், பி3-இல் தன் பிஷப், ஏ4-ஐ சி5 குதிரை பார்க்கிறது, பி4 சிப்பாய்க்கு ஏ5 காவல். அதனால் 13.ராஜா பி5-ஐ வெட்டியது. 13...பிஷப் ஏ6, 14.ராஜா ஏ5-ஐ வெட்டியது. 14...பிஷப் டி3. பிஷப் விலகியதும் ஏ8 யானையின் செக் திறந்துகொள்கிறது. 15.ராஜா பி4 குதிரை ஏ6 16.ராஜா ஏ4 குதிரை பி4, மறுபடியும் விலகல் செக். 17.ராஜா அந்தக் குதிரையையும் வெட்ட, 17...சி5 மேட். ஒரு சிப்பாய் வைத்த மேட்.

முடிந்த நிலையில் பலகையை எண்ணிப் பாருங்கள். வெள்ளை இழந்தது இரண்டே சிப்பாய்கள்: எஃப்2, இ4. ராணி, இரண்டு யானை, இரண்டு பிஷப், இரண்டு குதிரை என்று ஒரு காய் குறையாமல் அப்படியே இருக்கின்றன. கருப்பு ராணியையும் இரண்டு குதிரைகளையும் மூன்று சிப்பாய்களையும் கொடுத்துவிட்டது. ஏ1-இல் யானையும், பி1-இல் குதிரையும், சி1-இல் பிஷப்பும் ஆட்டம் தொடங்கியபோது நின்ற கட்டத்தில் நின்றபடியே தங்கள் ராஜா மேட் ஆவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. புதிர் அமைப்பவரின் கை என்று நான் சொன்னது இதனால்தான். எனக்குத் தெரிந்து அமெச்சூர் ஆட்டங்களில் இதைவிட அழகான ராஜா வேட்டை அபூர்வம்.

டிராக்ஸ்லர் இந்த ஆட்டத்தை 1892-இல் ஒரு செக் மொழிப் பத்திரிகையில் வெளியிட்டார். இந்த யோசனை பார்க்கும்போது தோன்றுவதைவிட உறுதியானது, நேருக்கு நேர் ஆடும்போது சரியான பதிலைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பது அவருடைய கருத்து. இரண்டாவது பாதி இன்றைக்கும் உண்மை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்-பேரி என்ற ஊரின் ஆட்டக்காரர்கள் பிற்பாடு இதையே அலசியதால், அந்தப் பக்கத்தில் இதற்கு அந்த ஊர்ப் பெயர். இரண்டு பெயரும் ஒரே வழிதான், புத்தகம் தேடும்போது குழம்ப வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் ஆட்டத்துக்கு வருவோம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் எல்லோரும் ஐந்தாவது நகர்த்தலில் குதிரை வெட்டுவதற்கான பதிலை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அழகெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்கு எஃப்7-ஐ வெட்ட இரண்டு காய்கள் இருக்கின்றன, நல்ல வெட்டு பிஷப்புடையது. ஓபனிங் படித்த எதிராளி அதைத்தான் ஆடுவார். அப்போது உங்களுக்கு ராணித் தியாகமும் கிடையாது, ராஜா வேட்டையும் கிடையாது. கேஸ்லிங் உரிமை (ராஜா ஒரே நகர்த்தலில் யானையின் பக்கம் ஒதுங்கும் உரிமை) போன ராஜாவோடும் ஒரு சிப்பாய் குறைவோடும் பொறுமையாக ஆட வேண்டிய ஒரு நிலை கிடைக்கும். அதற்கு யாரும் தயாராக வருவதில்லை. உங்களுக்கும் அதுதான் நடந்தது.

5.பிஷப் எஃப்7 செக். முதல் முடிவு சரியாகவே எடுத்தீர்கள்: ராஜா இ7. எஃப்8-க்குப் போகிறவர்கள் உண்டு, ராஜா இன்னும் ஒதுங்கி நிற்பதுபோல அது தெரியும். ஆனால் எஃப்8 யானைக்கு வேண்டிய இடம். எஃப் நெடுவரிசை உங்களுக்குத் திறந்துவிட்டது. எஃப்7 சிப்பாயைக் கொடுத்ததற்கு நீங்கள் வாங்கிக்கொள்ளும் விலையே அந்த வரிசைதான். அங்கே ராஜாவை வைத்து அடைத்துவிட்டால் சிப்பாய் சும்மா போனதாகிவிடும்.

6.பிஷப் பி3 வந்த நிலையை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். வெள்ளையின் அடுத்த மிரட்டல் என்ன? குதிரை எஃப்7. டி8 ராணிக்கும் எச்8 யானைக்கும் ஒரே நேரத்தில் தாக்குதல். இ7-இல் இருக்கும் ராஜா பக்கத்துக் கட்டம்தானே, வெட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. பி3-இலிருந்து எஃப்7 வரைக்கும் குறுக்குக் கோடு திறந்து கிடக்கிறது, பிஷப் அந்தக் குதிரைக்குக் காவல். நீங்கள் ஆடிய எச்6, எங்கே போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த குதிரையை அது போக விரும்பிய இடத்துக்கே அனுப்பிவைத்தது. 7...ராணி எஃப்8 8.குதிரை எச்8-ஐ வெட்ட, நீங்கள் ராணியால் அந்தக் குதிரையை எடுத்தாலும், ஒரு குதிரைக்கு ஒரு யானையும் கூடவே எஃப்7 சிப்பாயும் போன கணக்கு.

இப்போது 6...யானை எஃப்8 வைத்துப் பாருங்கள். எச்8-இல் யானை இல்லை, எஃப்7-க்குக் காவல் வந்துவிட்டது. அப்புறம் அதே எச்6 ஆடினால் அது நல்ல நகர்த்தலாகிவிடுகிறது. வெள்ளை குதிரை எஃப்7 என்று வந்தால், யானை வெட்டும், பிஷப் யானையை வெட்டும், ராஜா பிஷப்பை வெட்டும். ஒரு யானையும் ஒரு சிப்பாயும் கொடுத்து ஒரு குதிரையும் ஒரு பிஷப்பும் வாங்கியிருப்பீர்கள். புள்ளிக் கணக்கில் சமம், ஆனால் நடு ஆட்டத்தில் அந்த இரண்டு சிறு காய்கள் ஒரு யானையைவிடப் பெரும்பாலும் சுறுசுறுப்பானவை. ஒரே சிப்பாய், ஒரே கட்டம், ஒரு நகர்த்தல் முன்பின். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன் பிறகு உங்கள் திட்டம் இதுதான்: டி6 ஆடி சி8 பிஷப்புக்கு வழி விடுங்கள். ராணியை இ8 வழியாக ஜி6-க்குக் கொண்டு போங்கள், அங்கிருந்து அது வெள்ளை ராஜாவின் பக்கம் முழுவதையும் பார்க்கும். ராணி இ8-க்குப் போனதும் ராஜாவுக்கு டி8 கிடைக்கும். வாய்ப்பு வரும்போது பிஷப் ஜி4. வெள்ளை வழக்கமாக 7.கேஸ்லிங், 8.குதிரை சி3, பிறகு குதிரை டி5 செக் என்று வரும், நீங்கள் ராஜா டி8 என்று ஒதுங்கலாம். வெள்ளை கேஸ்லிங் செய்த பின் ஒன்றைக் கவனியுங்கள்: சி5 பிஷப்பின் கோடு எஃப்2 வழியாக ஜி1 ராஜா வரை போகிறது. எஃப்2 சிப்பாய் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அதனால் வெள்ளையால் நினைத்தவுடன் எஃப்4 ஆடி நடுவை உடைக்க முடியாது. அந்த சி5 பிஷப்தான் உங்கள் தாக்குதலின் உயிர். வெள்ளை டி3, பிஷப் இ3 என்று வந்து அதை மாற்றிக்கொள்ளப் பார்க்கும். எளிதில் மாற்றிக்கொடுக்காதீர்கள்.

பிஷப் பி3-க்குப் பதிலாக டி5-க்கு வந்தாலும் இதே பதில், யானை எஃப்8. சி4-க்கே திரும்பினால் உங்களுக்கு லாபம். டி5 ஆடுங்கள், கோடும் அடைபடும், பிஷப்பும் தாக்கப்படும், ஒரு நகர்த்தல் இலவசமாகக் கிடைக்கும். பி3 நல்லதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வளவும் சரியாக ஆடினால் நிலை சமமா? இல்லை. கணினி என்ஜின்கள் எல்லாமே வெள்ளைக்குத் தெளிவான சாதகம் என்றுதான் காட்டுகின்றன. நானும் அதை மறுக்க மாட்டேன். ஒரு சிப்பாய் குறைவு, ராஜா நடுவில். ஆனால் தெளிவான சாதகம் என்பதை வெற்றியாக மாற்ற எதிராளி இருபது நகர்த்தலாவது கவனமாக ஆட வேண்டும். உங்கள் அளவில் ஆடுகிறவர்களுக்கு அது சுலபம் இல்லை.

குதிரை வெட்டும் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே ரெய்னிஷ் மாதிரி இ2-க்குப் போகிறவர் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. 6.ராஜா எஃப்2-ஐ வெட்டினால் 6...குதிரை இ4-ஐ வெட்டி செக், 7.ராஜா ஜி1 ராணி எச்4. ராணி ஃபோர்க்கிலிருந்து (எஃப்7 குதிரையின் இரட்டைத் தாக்குதலிலிருந்து) தப்பியதோடு எஃப்2-இல் மேட் மிரட்டலும் வைக்கிறது. 8.ஜி3 குதிரை ஜி3-ஐ வெட்டுகிறது. இரண்டு பக்கமும் சரியாக ஆடினால் இது டிராவை நோக்கிப் போகும் என்பதே ஆய்வுகளின் முடிவு. வெள்ளைக்கு மூச்சுவிடக் கடினமான வழி 6.ராஜா எஃப்1. அதற்கு 6...ராணி இ7 7.குதிரை எச்8-ஐ வெட்ட, 7...டி5 8.சிப்பாய் டி5-ஐ வெட்ட, 8...குதிரை டி4. கருப்பு ஒரு முழு யானை குறைவு, ஆனால் வெள்ளையின் எச்8 குதிரை மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கருப்பின் எல்லாக் காய்களும் ராஜாவை நோக்கித் திரும்பியிருக்கின்றன. 2002-இல் சுடாக்கில் நடந்த போட்டியில் செர்கேய் கர்யாகின் வெள்ளையில் இந்த வழியில் வசிலி மாலினினிடம் தோற்றார். கர்யாகினுக்கு அப்போது வயது 12, அதே வருடம்தான் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மாலினின் அஞ்சல்வழிச் செஸ்ஸில் ஊறியவர், வீட்டில் உட்கார்ந்து இந்த மாதிரி நிலைகளைக் குடைந்து குடைந்து பார்ப்பவர்களின் உலகம் அது. கிராண்ட்மாஸ்டர் ஆகப்போகும் பிள்ளையாலேயே பலகையில் பதில் காண முடியவில்லை என்றால், உங்கள் எதிராளி குதிரையால் வெட்டும் நாளில் உங்களுக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வேறு ஓபனிங் வேண்டுமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். 4.குதிரை ஜி5-க்குப் பழமையான பதில் 4...டி5. 5.சிப்பாய் வெட்டியதும் குதிரையால் டி5-ஐத் திருப்பி வெட்டாதீர்கள். 6.குதிரை எஃப்7-ஐ வெட்டி, ராஜா வெட்டியதும் 7.ராணி எஃப்3 செக் என்று உங்கள் ராஜா இ6-க்கு இழுக்கப்படும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரோமில் இத்தாலிய ஆட்டக்காரர் பொலேரியோ இப்படி ஜெயித்த ஆட்டம் இருக்கிறது, இன்றும் பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகள் இதில் விழுகிறார்கள். சரியான வழி 5...குதிரை ஏ5. 6.பிஷப் பி5 செக் சி6 7.சிப்பாய் சி6-ஐ வெட்ட, 7...பி சிப்பாயால் திருப்பி வெட்டுதல். ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் ராஜா பத்திரம், வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாக விரட்டி நேரம் சம்பாதிக்கலாம்.

இதன் பெருமைக்கு ஒரு சான்று அதே காலத்திலிருந்தே இருக்கிறது. ஹோஸ்டோனில் அந்த ஆட்டம் நடந்த 1890-இல், உலக சாம்பியன் ஸ்டெய்னிட்ஸும் ரஷ்யாவின் சிகோரினும் தந்தி மூலம் இரண்டு ஆட்டம் ஆடத் தொடங்கினார்கள். ஒன்றில் இதே வழி. 8.பிஷப் இ2 எச்6 வந்ததும் ஸ்டெய்னிட்ஸ் ஜி5 குதிரையை எஃப்3-க்கு எடுக்காமல் பலகை ஓரத்தில் எச்3-க்கு எடுத்தார். 1891-இல் இரண்டு ஆட்டத்தையும் சிகோரின்தான் ஜெயித்தார். அத்தோடு எச்3 செத்தது என்று நினைத்தவர்கள் உண்டு, ஆனால் 1963-இல் பாபி ஃபிஷர் சக அமெரிக்க ஆட்டக்காரர் பிஸ்கையருக்கு எதிராக அதையே எடுத்து ஆடி வென்றார். நான்காவது நகர்த்தலில் ஜி5-க்குக் குதிரை போவதையே கற்றுக்குட்டி ஆட்டம் என்று ஜெர்மன் ஆட்டக்காரர் தாராஷ் ஏசியிருக்கிறார். ஃபிஷர் ஆடிய பிறகு அந்த ஏச்சுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

உங்களுக்கு என் யோசனை: 90 நிமிட ஆட்டங்களில், எதிராளிக்கு யோசிக்க நேரம் இருக்கும்போது, ஏ5 வழியை ஆடுங்கள். ரேபிட், பிளிட்ஸ் போன்ற குறைந்த நேர ஆட்டங்களில் டிராக்ஸ்லரை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலமே எதிராளியின் கடிகாரம் ஓடுவதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் முதல் மூன்று நகர்த்தல்கள் ஒன்றுதான், புதிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. டிராக்ஸ்லரைப் படிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை பிஷப் வெட்டுக்குக் கொடுங்கள். குதிரை வெட்டுக்கு எஃப்1 வழியையும் ஜி1 வழியையும் பன்னிரண்டு நகர்த்தல் வரை தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

படிக்கும் விதமும் முக்கியம். என்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு அம்புக்குறியைப் பார்த்தால் ஒன்றும் மனதில் தங்காது. 6.பிஷப் பி3 யானை எஃப்8 வந்த நிலையைப் பலகையில் வையுங்கள். உங்களோடு பயிற்சி செய்யும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் வைத்து ஆடுங்கள். ஒரு ஆட்டம் கருப்பு, அடுத்தது வெள்ளை. வெள்ளையாக உட்காரும்போது அந்த சி5 பிஷப் எவ்வளவு தொல்லை தருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள், அதை எப்படித் தட்டிவிடலாம் என்று தேடுவீர்கள். குதிரை டி5 செக் வைக்க எது நல்ல நேரம், டி4 தள்ளி நடுவைத் திறக்க எது நல்ல நேரம் என்பதெல்லாம் அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் புரியும். ஆட்டம் முடிந்ததும் முதலில் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், என்ஜினை அதற்கு அப்புறம் திறந்தால் போதும்.